கூரைக்காரர் கூப்பிட்ட வீடுகள்

சாக்குத் திண்டை உதறுவது அவள் வேலை. புருஷன் வேலை முடிந்து வந்து ஏணியைச் சுவரோரம் சாய்ப்பார், திண்டைக் கொல்லையில் போடுவார், கால் கழுவப் போய்விடுவார். அவள் தலையில் ஒரு துணியைச் சுற்றி, மூக்கையும் சேர்த்து மூடிக்கொண்டு, திண்டின் இரண்டு காதையும் பிடித்துத் துவைகல்லில் சாத்துவாள். பிறகு விளக்குமாற்றுக் கட்டையால் அடி. பழைய சுண்ணாம்பு, கரப்பான் இறக்கை, குருவிக்கூட்டு நார், யார் வீட்டு அடுப்புக் கரியோ, எல்லாம் புகை மாதிரிக் கிளம்பும்.

"ஊரான் வீட்டு அழுக்கையெல்லாம் சுமந்துக்கிட்டு வந்து நம்ம கொல்லையில கொட்டுங்க. நான் ஒருத்தி இருக்கேனே உதற."

"உதறாட்டி என்ன, அது பாட்டுக்குக் கிடக்கும்."

"கிடக்கும், கிடக்கும். அதுமேல உக்காந்துட்டு வந்து என் படுக்கையில படுப்பீங்க."

பேசிக்கொண்டே ஒரு காலால் இன்னொரு கணுக்காலைத் தேய்த்துக்கொள்வாள். அந்த வருஷம் அவளுக்குக் கணுக்காலில் ஓயாத அரிப்பு.

ஓட்டுக் கூரையில் வேலை செய்கிறவர்களுக்குத் திண்டு இல்லாமல் ஆகாது. வெயில் ஏறினால் ஓடு தோசைக்கல் மாதிரிக் காயும். சாக்கில் வைக்கோலையும் கந்தலையும் அடைத்துத் தைத்த அந்தத் திண்டைப் போட்டு உட்கார்ந்து, ஒரு பக்கம் முடிந்ததும் இன்னொரு பக்கம் நகர்த்திக்கொள்வார்கள். இன்றைக்கு இந்தக் கூரை, நாளைக்கு அந்தக் கூரை. அவருடைய திண்டு இப்படி ஊரில் ஏறாத வீடு கிடையாது.

கூரைக்காரர் என்று பொதுவாகச் சொன்னாலே ஊரில் அவரைத்தான் நினைப்பார்கள். ஒல்லி உடம்பு, நீண்ட கால், வெயிலைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போன கண். தரையில் நடக்கும்போது தடுமாறுவார், கூரையில் பூனை மாதிரி நடப்பார். எந்த வீட்டுக்கு எத்தனை வாசல் என்று அவருக்குத் தெரியாது. எந்த வீட்டில் ஓட்டைத் தாங்குகிற எந்தக் கைமரம் உளுத்திருக்கிறது, எந்த மூலையில் ஒழுகும், எங்கே எலி வளை கட்டியிருக்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஏணியின் கடைசிப் படிக்கு வந்து, முதல் ஓட்டில் கை வைக்குமுன் கீழ்நோக்கிக் குரல் கொடுப்பார்.

"ஓடு திறக்குது... விலகிக்கோங்க..."

அந்தத் தொழிலில் எல்லாரும் குரல் கொடுப்பார்கள்தான். ஆனால் வாய் கூப்பிடும்போதே கை ஓட்டை உருவிவிடும். இவர் உள்ளேயிருந்து பதில் வரும்வரை உருவமாட்டார். "திறங்க" என்று யாராவது சொல்ல வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் அவரும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார். ஒரு வீட்டில் கூப்பிட்ட கையோடு ஓட்டை எடுத்துவிட்டார். கீழே ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அவளுடைய அம்மா விறகுக் கட்டையோடு ஏணியடியில் வந்து நின்றுகொண்டாள். இவர் சாயங்காலம்வரை கூரையை விட்டு இறங்கவில்லை. கடைசியில், இறங்குவதாக இருந்தால் மாப்பிள்ளையாகத்தான் இறங்க வேண்டும் என்று மேலேயும் கீழேயுமாகப் பேசி முடிவாயிற்று.

அந்தப் பெண்தான் திண்டை உதறிக்கொண்டிருக்கிறவள். மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்த பிறகும்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டுவதை விடவில்லை.

"ஒரு வாய் பதிலுக்குக் காத்திருந்திருந்தா உங்களுக்கு வேற எவளாவது நல்லவளா வாய்ச்சிருப்பா."

"அதான் அன்னியிலேருந்து காத்திருக்கேனே."

பிளேக் வந்தது துறைமுகத்துத் தானியக் கிடங்குகளின் வழியாக. முதலில் எலிகள் வெளியே வந்தன. பட்டப்பகலில், நடுத்தெருவில், குடித்தவன் மாதிரித் தள்ளாடிக்கொண்டு. காலைத் தட்டினால் ஓடவில்லை. நின்று, தட்டியவர் முகத்தைப் பார்ப்பதுபோல மூக்கைத் தூக்கிவிட்டு, அங்கேயே பக்கவாட்டில் சாய்ந்தன. பூனைகள் கிட்டே போகவில்லை. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களில் ஒருவன் அதே மாதிரித் தள்ளாடினான். காய்ச்சல், வெள்ளை பூத்த நாக்கு, குழறிய பேச்சு. தொடையிடுக்கில் கோழிமுட்டை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அவனைக் குடிகாரன் என்று திட்டி வீட்டுக்கு அனுப்பிய மேலாள் அடுத்த வாரம் அக்குளில் கட்டியோடு படுத்தார்.

கூரைக்காரருக்கு இதெல்லாம் வேறு விதமாகத்தான் தெரியவந்தது. ஓடுகளுக்கு அடியில் எப்போதும் ஒரு ஓட்டம் இருக்கும். அவர் ஒரு பக்கம் ஏறினால் எலிகள் மறுபக்கம் ஓடும். அந்தச் சரசரப்பு இல்லாத கூரையை அவர் பார்த்ததே இல்லை. ஒருநாள் திண்டில் உட்கார்ந்து ஓடு மாற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். என்ன குறைகிறது என்று முதலில் பிடிபடவில்லை. நெஞ்சுக்குள்ளே கடிகாரம் நின்றுவிட்டது மாதிரி இருந்தது. பிறகுதான் புரிந்தது. கீழே எதுவும் ஓடவில்லை. அந்தத் தெரு முழுக்க, கூரை கூரையாகக் காதை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னார். "எலிச் சத்தமே இல்ல."

"நல்லதுதானே," என்றாள் அவள். "தொலைஞ்சுதுன்னு இருங்க."

ஊராட்சி மன்றம் சுகாதார மேஸ்திரி ஒருவரைப் போட்டது. நோய் கண்ட வீட்டுக் கதவில் தாரால் ஒரு வட்டம் போடுவது அவர் பொறுப்பு. எங்கே போனாலும் கையில் ஒரு சட்டியும் மட்டையும் இருக்கும். அவருக்குத் தார்ச்சட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் பயமுறுத்துவதில் அவருக்கு ஒரு ருசி. வட்டம் காயும்வரை நின்று கதை சொல்வார்.

"இது நேத்து வந்த நோய் இல்ல. நம்ம பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக்கும் முந்தினது. எங்கெங்கோ நாட்டுல ஊர் ஊரா துடைச்சு எடுத்திருக்கு. அங்கேயும் இப்படித்தான், கதவுல அடையாளம் போட்டாங்க. நாயும் பூனையும்தான் நோயைக் கொண்டுவருதுன்னு அத்தனையையும் அடிச்சுக் கொன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. எலிக்குக் கொண்டாட்டம்."

உத்தரவு இதுதான். தார் வட்டம் போட்ட வீட்டில் இருக்கிறவர்களையெல்லாம் ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். நோயாளி ஒரு கொட்டகை, மற்றவர்கள் வேறு கொட்டகை. நோயாளிக் கொட்டகைக்குப் போனவர்களில் நடந்து திரும்பியவர்கள் மிகச் சிலர். வீட்டைப் பூட்டிக் கூரையைத் திறந்துபோட வேண்டும். நோய்க் கிருமி இருட்டிலும் ஈரத்திலும் தங்குகிறது, வெயில் பட்டால் சாகும் என்றார் டாக்டர். நன்றாக வெயில் காய்ந்த பிறகுதான் சுண்ணாம்பு அடிக்க ஆள் உள்ளே போகலாம். அதுவரை எந்த மனுஷனும் கதவைத் திறக்கக் கூடாது. ஆகவே அந்த வீடுகளுக்குள் முதலில் எட்டிப் பார்க்கிறவர் கூரைக்காரராகத்தான் இருக்கும்.

டாக்டர் சொன்னது பாதிதான் சரி. செத்த எலி குளிர்ந்ததும் அதன் மேலிருக்கிற தெள்ளுப்பூச்சிகள் இறங்கி, சூடான இன்னொரு உடம்பைத் தேடிக் காத்திருக்கும், அவைதான் நோயை எடுத்துப் போகின்றன என்பது பின்னால் வெளிவந்த சங்கதி. வைக்கோலிலும் கந்தலிலும் அவை சுகமாக இருக்கும். இது நடந்தபோது அந்த ஊரில் அது ஒருவருக்கும் தெரியாது.

மச்சினன் அவருக்குக் கையாள். மனைவியின் தம்பி. கல்யாணத்துக்குக் காரணமான அந்த ஏணியைச் சின்ன வயதில் ஆட்டி விளையாடியவன். இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கீழே நின்று ஓடுகளை வாங்கி அடுக்குவான். காலி வீட்டின் மேல் ஏறியும் கூரைக்காரர் குரல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புத் தாங்காது.

"மாமா, யாரு உங்களுக்கு உள்ளேயிருந்து சொல்லணும்? பல்லியா?"

"பழக்கம்டா."

"பல்லி சொல்லிடுச்சு மாமா. நான் கேட்டேன். திறங்க."

அவரும் சிரித்துவிட்டுத் திறப்பார். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் திறப்பார்.

அதுவரை அவர் பார்த்த அறைகளில் எல்லாம் ஆள் இருந்தது. மேலே அண்ணாந்து பார்த்து, தூசி விழுது என்று திட்டவாவது ஒருத்தர் இருப்பார். இப்போது பார்த்த அறைகள் வேறு மாதிரி. பாதி சாப்பிட்ட தட்டு, பக்கத்தில் நிமிர்த்தி வைத்த தண்ணீர்க் குவளை. கட்டிலில் ஒரு உடம்பின் பள்ளம். ஆணியில் தொங்கும் சட்டை. வெயில் பட்டதும் அதன் நிழல் சுவரில் எழுந்து நின்றது. சீப்பு ஒன்று, அதில் முடி. ஒரு வீட்டில் அடுக்களை மூலையில் எலிகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன, யாரோ படுக்க வைத்த மாதிரி. வெயிலே படாத இடங்களில் வெயில் விழுவதைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. திரை போட்டு மாற்றிய துணி, பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்த பாட்டில், சுவரில் குழந்தை கிறுக்கியது எல்லாம் வெட்டவெளியில் கிடந்தன. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் ஓடு உருவுவார்.

பீப்பாய் செய்கிறவர் வீட்டில்தான் அது நடந்தது. கதவில் வட்டம் போட்டு நாளாகிவிட்டது. பீப்பாய்க்காரர் கொட்டகையில் இருந்தார். அவர் பெண்டாட்டியும் மகளும் முன்னாலேயே ஊரை விட்டுப் போய்விட்டதாகச் சொல்லியிருந்தார். கூரைக்காரர் மேலே வந்து குரல் கொடுத்தார்.

"ஓடு திறக்குது... விலகிக்கோங்க..."

"கொஞ்சம் இருங்க" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

சமையலறையில் கைவேலையாக இருக்கிற பெண் சொல்வது மாதிரி, பதட்டமே இல்லாத குரல். முப்பது வருஷமாக அவர் கேட்டுப் பழகிய பதில். அதனால்தானோ என்னவோ அவர் பேசாமல் காத்திருந்தார். பிறகுதான் அது பூட்டிய வீடு என்பது நினைவுக்கு வந்தது. கீழே மச்சினன் எதையோ முணுமுணுத்துக்கொண்டு ஓடு அடுக்கினான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஒரே ஒரு ஓட்டை மட்டும் விரல் நுழைகிற அளவுக்குத் தள்ளினார். கீழே இருட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் இன்னொரு தலை. வெளிச்சக் கீற்று அந்தத் தலையில் விழுந்ததும், உட்கார்ந்திருந்தவள் கையை வைத்து மறைத்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கண்ணு கூசுது இவளுக்கு. சாயங்காலமா வாங்களேன்" என்றாள்.

அவர் ஓட்டைப் பழையபடி தள்ளினார். இறங்கி வந்து தார்ச்சட்டியிடம், "இந்த வீட்டுக் கைமரம் உளுத்துப் போயிருக்கு. ஏறினா ஆளோட இறங்கும். முட்டுக் கொடுத்துட்டுத்தான் திறக்கணும்" என்றார். மச்சினன் அவரை ஒரு பார்வை பார்த்தான். அந்த வீட்டுக்குப் போன மழைக்குத்தான் இரண்டு பேரும் புதுக் கைமரம் போட்டிருந்தார்கள். அவன் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

மறுநாள் போய்க் குரல் கொடுத்தார். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். திண்டின் மேல் உட்கார்ந்து, ஓட்டில் கை வைக்காமல், ரொம்ப நேரம் இருந்தார். மச்சினன் இந்தத் தடவை பல்லி ஜோக் சொல்லவில்லை. கடைசியில் ஓட்டை எடுத்தார்கள். தரை பெருக்கியிருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள், முகத்தில் துணி. மகளின் முகத்தை அம்மா மூடியிருப்பாள். தன் முகத்தையும் அவளேதான் மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடிக்கொண்டு காத்திருந்திருக்க வேண்டும். அதை நினைக்க நினைக்கத்தான் அவருக்குத் தாளவில்லை.

அன்றைக்கு மனைவி திண்டை உதறும்போது இதைச் சொன்னார். வழக்கமாக அவர் பார்த்ததையெல்லாம் வீட்டில் சொல்கிற ஆள் இல்லை. அவள் கட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சாயங்காலம் வரச் சொன்னாளே, போனீங்களா?"

அவர் கால் கழுவப் போனார். பின்னாலேயே வந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். எனக்கு இந்த மாதிரி வந்துதுன்னா என்னைக் கொட்டகைக்கு அனுப்பாதீங்க. அங்க வரிசையாக் கிடத்தி, பக்கத்துக் கட்டில்காரி எப்பப் போவாள்னு பார்த்துக்கிட்டுக் கிடக்கிறது என்னால ஆகாது. நான் என் கூரைக்குக் கீழதான் கிடப்பேன்."

"வாயைக் கழுவு."

"அதுவும் என்ன கூரை. ஊர்க் கூரையெல்லாம் இவர் கை பட்டாகணும். நம்ம வீட்டு ஓடு ஒண்ணு நகர்ந்து கிடக்கு, எத்தனை மழை நனைஞ்சேன் நான்."

அது உண்மை. பின்னறையில் ஒரு ஓடு சறுக்கி விரற்கடை இடைவெளி விட்டிருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியே வந்தார். பகலில் அதன் வழியாக ஒரு காசு அகலத்துக்கு வெளிச்சம் விழும். அந்த வட்டம் காலையில் மேற்குச் சுவரிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, சாயங்காலம் கிழக்குச் சுவரில் ஏறிப் போகும். அவளுக்கு அதுதான் கடிகாரம். பானையைத் தொட்டால் அடுப்பு மூட்டுவாள், வாசற்படியைத் தொட்டால் துணி எடுப்பாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் ஒரு காலை அவள் அடுப்பை நோக்கி நடந்தாள். அடுப்புக்கு ஒரு அடி தள்ளி நின்று குனிந்து, இல்லாத அடுப்பில் விறகைச் செருகினாள். விறகு தரையில் உருண்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, நான் குடிச்சிருக்கேனா?" என்று சிரித்தாள். நாக்குக் குழறியது. அவர் நெற்றியைத் தொட்டார். ஓடு மாதிரிக் காய்ந்தது.

தொடையிடுக்கில் வலிக்கிறது என்று அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதே வாரம் தெருக் கிணற்றோரம் எலிகள் விழுந்தன. தெருவையே காலி செய்து எல்லாக் கதவிலும் வட்டம் போடச் சொல்லி உத்தரவு. ஊர் எல்லையில் ஆளை நிறுத்திக் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இருந்தால் நேரே நோயாளிக் கொட்டகை. கூரைக்காரர் மச்சினனிடம், "உங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு மக வீட்டுக்குப் போறேன். வேலையை நீ பார்த்துக்கோ" என்றார்.

"அக்காவைப் பார்த்துட்டு வரேன் மாமா."

"தூங்குறா. விடியுமுன்னே கிளம்பணும்னு படுத்துட்டா."

மச்சினன் நம்பினான். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். தெரு காலியாகும் காலை அவர் வாசல் கதவை வெளியே பூட்டினார். அவள் முன்னாலேயே போய்விட்டாள் என்று கேட்டவர்களிடம் சொல்லி, எல்லாரும் பார்க்கும்படி மூட்டையோடு நடந்து, மூலை திரும்பி, கொல்லைச் சுவர் வழியாக வந்து, தன் வீட்டுக் கூரையில் ஏறினார். யாராவது தள்ளிப் பார்ப்பார்கள் என்று கொல்லைக் கதவை உள்ளேயிருந்து தாழிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். எழுந்து வந்து திறக்க அவளால் ஆகாது. கூரை வழியாகத்தான் இறங்க வேண்டும்.

ஓட்டில் கை வைத்தவர் நின்றார். வாயை இடுக்கில் வைத்து ரகசியமாகச் சொன்னார்: "ஓடு திறக்குது... விலகிக்கோ."

கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து வந்தது. "திறங்க. இன்னிக்கு நான் குளிக்கல."

உள்ளே இறங்கி, எடுத்த ஓடுகளை உள்ளிருந்தே பொருத்தினார். சறுக்கிய ஓடு கைக்கு எட்டவில்லை. வெளியே ஏறினால்தான் எட்டும். இனி ஏற முடியாது. வாசலில் தார்ச்சட்டி வந்து வட்டம் போடுவது கேட்டது. மட்டை மரத்தில் இழுபடும் அந்தச் சத்தத்தை அவர் எத்தனையோ வீட்டுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். உள்ளேயிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. யாரோ கதவைத் தடவிக்கொடுப்பது போல இருந்தது.

தெரு போனபின் வந்த அமைதியில் தண்ணீர்ப் பானை கசிவதுகூடக் கேட்டது. ஓடுகளுக்கு அடியில் ஒன்றும் ஓடவில்லை. அவர் திண்டை அவள் பக்கத்தில் போட்டு அதில் உட்கார்ந்தார். கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் வைத்தார். அவரை அந்த நோய் ஏன் தொடவில்லை என்பதற்கு அன்றும் காரணம் கிடையாது, பின்னாலும் யாரும் சொல்லவில்லை.

வெளிச்ச வட்டம் அவள் முகத்துக்கு வரும்போதெல்லாம் அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"கண்ணு கூசுது. அந்த ஓட்டைச் சரி பண்ணுங்கன்னு எத்தனை தரம் சொன்னேன்."

"பண்றேன்."

"எப்போ?"

"நீ எழுந்து ஏணியைப் பிடி, பண்றேன்."

"எங்க அம்மா பிடிச்ச மாதிரியா?" என்றாள். அவர் கையை வட்டத்துக்குக் குறுக்கே நீட்டி மறைத்துக்கொண்டார். அது நகர்ந்து போகும்வரை கையை எடுக்கவில்லை.

கூரை திறக்க ஆட்கள் வந்தார்கள். அடுத்தடுத்த வீடுகளில் ஓடு உருவும் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. எந்த வீட்டிலும் யாரும் குரல் கொடுக்கவில்லை. ஏணி சாய்வது, ஓடு உருவுவது, அவ்வளவுதான். கடைசியில் அவர்கள் வீட்டுச் சுவரில் ஏணி சாய்ந்தது. ஏறுகிற காலடியை வைத்தே அவர் ஆளைத் தெரிந்துகொண்டார்.

"என்னடா நிக்கிறே?" என்றது தெருவிலிருந்து தார்ச்சட்டியின் குரல்.

"மாமா வீடு" என்றான் மச்சினன். "கூப்பிடாம ஏறினேன்னு தெரிஞ்சா, திரும்பி வந்ததும் தோலை உரிச்சிடுவார்." சிரித்தான். பிறகு, மாமாவின் இழுப்பு அப்படியே வரும்படி, பாதி விளையாட்டாகக் கூப்பிட்டான். "ஓடு திறக்குது... விலகிக்கோங்க..."

கூரைக்காரர் அவள் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் அவள் தம்பியின் குரலை அடையாளம் கண்டுகொண்டுவிட்டாள்.

"கொஞ்சம் இருடா" என்றாள்.

சறுக்கிய ஓட்டு இடுக்கை ஏதோ மறைத்தது. தரையிலிருந்த வெளிச்ச வட்டம் அணைந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அது அவரைப் பார்த்தது, படுத்திருந்தவளைப் பார்த்தது, அங்கேயே நின்றது. பிறகு வட்டம் திரும்பவும் தரையில் விழுந்தது.

"என்னடா?" என்றார் தார்ச்சட்டி.

"கைமரம் உளுத்துப் போயிருக்கு" என்றான் மச்சினன். தெருவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான். "ஏறினா ஆளோட இறங்கும். முட்டுக் கொடுத்துட்டு நாளைக்குத்தான்."

"கூரைக்காரன் வீட்டுக் கைமரமா உளுக்கும்?"

"ஊரு வேலைக்குப் போறவனுக்குத் தன் வீட்டைப் பார்க்க எங்க நேரம்."

ஏணி எடுபட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "பாருங்க. அவனுக்குப் பதிலுக்குக் காத்திருக்கத் தெரியுது. உங்களுக்குத்தான் அன்னிக்குத் தெரியல." சாயங்காலம்வரை பேசிக்கொண்டே இருந்தாள். பாதி புரியவில்லை. குளிக்கிற தண்ணீர் சில்லென்று இருப்பதாகவும், அம்மாவை ஏணியடியிலிருந்து போகச் சொல்லும்படியும் சொன்னாள். அவர் போகச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு ஏணி வந்து சாய்ந்தது. வெளிச்ச வட்டம் சுவரை விட்டு இறங்கித் தரைக்கு வந்திருந்தது. படுக்கைக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. காலடி ஏறி வந்து நின்றது.

"ஓடு திறக்குது... விலகிக்கோங்க..."

இன்றைக்கு அதில் விளையாட்டு இல்லை. மேலே இருந்தவன் காத்திருந்தான். கூரைக்காரர் காத்திருந்தார். தெருவில் தார்ச்சட்டி பொறுமையிழந்து காலை மாற்றி மாற்றி வைப்பது கேட்டது.

"யாருக்குடா காத்துக்கிட்டிருக்கே?"

"பதில் வரல."

"காலி வீட்ல பதில் எப்படிடா வரும்? நீயும் உன் மாமனும்."

ஓடு ஒன்றுகூட உருவப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இடுக்கில் வாயை வைத்துக்கொண்டு சொல்வது போல மெல்ல வந்தது.

"அக்கா."

வெளிச்ச வட்டம் படுக்கையில் ஏறியது. தலையணையைத் தாண்டி, கன்னத்தில் ஊர்ந்து, மூடிய இமையின் மேல் வந்து நின்றது. கூரைக்காரர் மறைப்பதற்காகக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்திக்கொண்டு, அவள் முகம் திரும்புகிறதா என்று பார்த்தார்.

"உன் தம்பி கூப்பிடுறான். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

முப்பது வருஷத்தில் எந்தக் கூரையிலும் காத்திருந்ததைவிட அதிக நேரம் காத்திருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். திண்டைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை எடுக்க அறையை விட்டுப் போனார்.